பம்பருக்கு அடியில் ஒரு விரிசல்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு சத்யநாராயணன் வாடகைக் காரைத் தன் வீட்டுச் சந்திலிருந்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். சேலையூரில் அந்தச் சந்து ஏற்கெனவே குறுகல். போதாக்குறைக்கு, வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டுகிறவர்கள் கேட்டுக்கு முன்னால் சிமெண்டில் ஒரு சரிவைப் போட்டு, அதைப் பாதி ரோடு வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கேட்டால், எல்லாரும்தான் போட்டிருக்காங்க என்பார்கள். அப்படி எதிர்வீட்டுக்காரர் போட்டிருந்த சரிவின் முனையில் காரின் பின்பம்பர் போய் இடித்தது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தார். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்த பிறகுதான், பம்பரின் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்து தொங்குவது தெரிந்தது.

"என்னன்னா ஆச்சு?" என்று கேட்டபடி அவர் மனைவி அபிதகுஜாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணுமில்லை."

அவளும் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லையா? பிளந்துண்டு தொங்கறது! போன உடனே அவாகிட்ட சொல்லிடுங்கோ."

"கேட்டா சொல்றேன்."

இந்த 'கேட்டா சொல்றேன்' இருக்கிறதே, அது நம்மைப் போன்ற கௌரவமானவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. பொய் சொன்னோம் என்ற கெட்ட பெயரும் வராது, உண்மையைச் சொல்லிவிட்டு அவஸ்தைப்படவும் வேண்டாம். சத்யநாராயணன் ஒன்றும் அயோக்கியர் அல்ல. ஐம்பத்து நான்கு வயது. காஞ்சிபுரத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் அலைந்து, சத்திரத்துப் பாயில் தூக்கம் வராமல் புரண்டு, இடுப்பு கழன்றுபோய் வந்திருந்தார். ஒன்பது மணிக்குக் கிண்டியில் ஆபீஸ். அங்கே அவருக்குச் சரக்கு வாங்கும் பிரிவில் வேலை. ஒரு பெட்டி உடைந்து வந்தால், யார் உடைத்தது என்று நாலு பேரிடம் எழுதி வாங்காமல் விடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு அன்று காலை தேவைப்பட்டதெல்லாம், காரை விட்டுவிட்டு ரயிலில் ஒரு ஜன்னலோரம், அவ்வளவுதான்.

கிளம்பும்போது அபிதகுஜாம்பாள் ஒரு தாம்பூலப் பையை நீட்டினாள். "அந்தப் பொண்ணு, கார் எடுக்கப் போனப்போ சிரிச்ச முகமா பேசினாளே, அவகிட்ட குடுங்கோ."

அந்தப் பெண்ணின் பெயர் அருள்மேரி. கேம்ப் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஆறு கார்களை வாடகைக்கு விடும் ஜெரோமிடம் வேலை பார்க்கிறாள். திரும்பி வரும் காரைச் சுற்றிப் பார்த்து, கோடு, நசுங்கல் ஏதாவது இருந்தால் எழுதி, இல்லாவிட்டால் 'ஓகே' என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. அன்றைக்கு மூன்று கார்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. வெளியே பள்ளிக்கூட வேன்களும் தண்ணீர் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சத்யநாராயணன் காரின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். தெரிந்துதான் அப்படி நிறுத்தினார். இறங்கியதும் தாம்பூலப் பையைக் கொடுத்தார்.

"ஐயோ, எனக்கா சார்?" அருள்மேரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த ஷெட்டுக்கு வருகிறவர்களில் அவளைத் திட்டாதவர்களே குறைவு. கையில் ஒன்றைக் கொடுத்தவர் இதுவரை யாருமில்லை. "வண்டியில ஒண்ணும் ப்ராப்ளம் இல்லியே சார்?"

கேட்டுவிட்டாள். கேட்டால் சொல்கிறேன் என்றாரே மனிதர், இதோ கேட்டே விட்டாள்.

"ஒண்ணுமில்லைம்மா," என்றார் சத்யநாராயணன்.

அவள் குனியவில்லை. இவ்வளவு மரியாதையான மனுஷர் கண்ணெதிரில் காருக்கு அடியில் எட்டிப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் டெபாசிட் பணம் திரும்பி வந்துவிட்டதாக போனில் செய்தி வந்தது. ரயிலில் ஜன்னலோரமும் கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போனார்.

புதன்கிழமை காலை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"சார், நான் கார் ஷெட்லேர்ந்து அருள்மேரி பேசறேன். நீங்க வுட்டுட்டுப் போன வண்டிய நேத்து வேற ஒருத்தரு எடுத்துகினு போனாரு சார். பின்னாடி பம்பர ஒடச்சிகினு வந்து குடுக்கறாரு. கேட்டா, நான் ஒடைக்கலன்றாரு. நீங்க குடுக்கசொல்ல வண்டி நல்லாத்தான சார் இருந்திச்சு? ஓனரு பக்கத்துல கீறாரு. ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், இல்லாங்காட்டி என்னைத்தான் கேப்பாரு."

சத்யநாராயணன் வாயில் இருந்த சாதத்தை விழுங்கினார். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே!

"நல்லாத்தாம்மா இருந்தது," என்றார்.

"தேங்க்ஸ் சார்! ரொம்ப தேங்க்ஸ்!"

அபிதகுஜாம்பாள் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "யாரோ ஒருத்தன் அங்கே மாட்டிண்டு முழிச்சிண்டிருப்பான்."

"அவாளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமோல்லியோ?"

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் பாதியிலேயே கையைக் கழுவினார். அன்று ஆபீஸில் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. சாயங்காலம் ஜெரோமே போன் செய்தார். அந்த ஆள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் வா என்று நிற்கிறார், காலையில் ஒரு ஐந்து நிமிஷம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனால் விஷயம் முடிந்துவிடும் என்றார். சத்யநாராயணன் சரி என்றார். மறுபடியும் அதே பொய்யைச் சொல்லத்தான் போனார். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஷெட்டின் மூலையில் ஒரு பழைய பைக்கைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். காரை எடுக்கிறவர் தன் பைக்கையும் அதன் ஆர்.சி. புத்தகத்தையும் அடமானமாக விட்டுப் போக வேண்டும் என்பது ஜெரோமின் வழக்கம். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற சத்யநாராயணன் போன்றவர்களிடம் மட்டும் டெபாசிட்டோடு விட்டுவிடுவார். பைக்கின் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். காலடியில் டைல்ஸ் வெட்டும் மிஷின் வைத்த கனமான பை. விரல் இடுக்கெல்லாம் காய்ந்த சிமெண்ட். அவர்தான் குப்புராஜ். ஊரப்பாக்கத்துக்காரர், டைல்ஸ் வேலை செய்கிறவர். பைக் இல்லாததால் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறி, ஷேர் ஆட்டோ மாறி வந்திருந்தார். நேற்று ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. இன்று பத்து மணிக்குள் மேடவாக்கத்தில் நிற்காவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

"வாங்க சார்," என்றார் ஜெரோம். அவரும் சரியாகத் தூங்காதவர்போலத்தான் இருந்தார். ஆறு காருக்கும் கடன், வாரத்துக்கு ஒரு சண்டை. "இதோ பாரு, சார் பெரிய கம்பெனில வேலை பாக்கறவரு. அவருக்குப் பொய் சொல்லணும்னு இன்னா அவசியம்? சார் வாயாலயே கேட்டுக்க."

குப்புராஜ் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார். சத்யநாராயணனுக்கு அந்தக் கும்பிடைப் பார்த்து உடம்பெல்லாம் கூசியது.

"சார், நான் முன்ன கால் டாக்ஸி ஓட்டினவன் சார். வண்டியோட அரும எனக்குத் தெரியும். திருத்தணில சின்னவனுக்கு மொட்ட போட்டு வந்தோம் சார், எங்கியும் இடிக்கல."

"இடிக்காம எப்பிடி உடையும்?" என்று ஜெரோம் இடைமறித்தார். "எடுக்கும்போது வீடியோ எடுத்துக்கினியா? இல்லியே! அப்புறம் இன்னா பேச்சு?"

"எடுக்கும்போது அக்காதான், 'நேத்தே செக் பண்ணிட்டேன், எல்லாம் ஓகே'ன்னு சொல்லிச்சு. அது சொன்ன வார்த்தய நம்பினேன்," என்றார் குப்புராஜ். அருள்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சத்யநாராயணன் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணே ஒண்ணு கேளுங்க. வர்ற வழியில மூணாவது படிக்கிற எம் பொண்ணு ரேஷ்மா பின்சீட்டுல வாந்தி எடுத்திட்ச்சி. தொடச்சிட்டு கம்முனு வுட்டுட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அதுதான், 'அப்பா, சொல்லிடுப்பா, அடுத்து வர்றவங்களுக்கு நாறும்'னு சொல்லிச்சி. வந்ததும் நானே சொன்னேன். சொன்னதாலதான் இவரு லைட்ட அடிச்சிகினு வண்டி பூரா பாத்தாரு. வாந்திய சொன்னவன் சார் நான். இடிச்சிருந்தா சொல்ல மாட்டேனா?"

எல்லாரும் சத்யநாராயணனைப் பார்த்தார்கள்.

சத்யநாராயணன் ஒன்றுமே பேசாமல் இருந்தாலே போதும், விஷயம் முடிந்துவிடும். அவருடைய இஸ்திரி போட்ட சட்டையே அவருக்காகச் சாட்சி சொல்லிவிடும். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் தன்மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. எட்டு வயதோ, ஒன்பது வயதோ, ஒரு குழந்தைக்குத் தெரிந்தது, வருஷக்கணக்காக அடுத்தவர்களிடம் எழுதி வாங்குகிற தனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

"நான்தான் இடிச்சேன்," என்றார்.

"இன்னா சார்?" என்றார் ஜெரோம்.

"திங்கக்கிழமை காலையில. எங்க சந்துல. எதிர்வீட்டு சிமெண்ட் சரிவுல இடிச்சது. தெரிஞ்சேதான் வண்டியைச் சுவத்தோட ஒட்டி நிறுத்தினேன். இந்தப் பொண்ணு கேட்டப்போ ஒண்ணுமில்லைன்னேன். நேத்து போன்லயும் பொய்தான் சொன்னேன். ரிப்பேர் செலவு என்னுது. இவர் பைக்கை முதல்ல அவுத்து விடுங்க."

ஜெரோமுக்குக் கோபம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கடைசியில், வழக்கம்போல, இருப்பவர்களில் எளியவள் பக்கம் திரும்பியது. "நீ குனிஞ்சு பாக்கவே இல்லியா? பாக்காமயா கையெழுத்துப் போட்ட?"

"பாக்கலண்ணா," என்றாள் அருள்மேரி. அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. "பெரிய மனுசரு, ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. நம்பிட்டேன். இந்த அண்ணன் சொன்னத நம்பல. என் தப்பு."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் சத்யநாராயணன். "அவ பார்க்கக் கூடாதுன்னு நான்தான் எல்லாம் பண்ணினேன்."

ஜெரோம் பெருமூச்சு விட்டார். மேற்கொண்டு சண்டை போட அவருக்கும் தெம்பில்லை. சங்கிலியை அவிழ்த்து, ஆர்.சி. புத்தகத்தைக் குப்புராஜின் கையில் கொடுத்தார். "தப்பா நெனச்சிக்காதப்பா," என்று முணுமுணுத்தார்.

குப்புராஜ் மிஷின் பையை பைக்கில் வைத்துக் கட்டினார். சத்யநாராயணன் பக்கத்தில் போய் நின்றார்.

"மன்னிச்சுக்கோப்பா," என்றார்.

குப்புராஜ் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

"நீங்க சொல்லிட்டீங்க சார், நல்லது. ஆனா அன்னிக்கு இவரு என்னைய ஃப்ராடுன்னு சொன்னப்போ எம் பொண்ணு பக்கத்துல நின்னுகினு இருந்திச்சி. வூட்டுக்குப் போற வழியெல்லாம் ஒரே கேள்விதான். 'அப்பா, நாம வாந்திய சொல்லாம இருந்திருந்தா நம்ம பைக்க குடுத்திருப்பாங்களாப்பா?'ன்னு கேக்குது. ரெண்டு நாளா பதில் சொல்ல முடியாம முழிச்சிகினு கீறேன். நீங்க படிச்சவரு. இன்னா சொல்லட்டும், சொல்லுங்க."

சத்யநாராயணன் சொன்னார்:

"அவ சொல்லச் சொன்னதுதான் சரின்னு சொல்லு. அவ உண்மையைச் சொன்னதால உங்களுக்குக் கஷ்டம் வரலை. சேலையூர்ல சத்யநாராயணன்னு ஒருத்தன் உண்மையைச் சொல்லாததாலதான் வந்தது. தப்பு பண்ணினவன் வாயை மூடிண்டா தப்பு மறைஞ்சு போறதில்லை, பண்ணாதவன் தலையில போய் விடியறது. என் பேரைச் சொல்லியே சொல்லுப்பா. அந்தக் குழந்தைக்குத் தெரியட்டும்."

குப்புராஜ் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்றேன் சார்," என்று பைக்கை உதைத்தார். மேடவாக்கம் போய்ச் சேர இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.