பதிவில் மட்டும் பாடிய குருவிகள்

காலையில் தண்ணீர் மாற்றப் போன போஸ்ட்மாஸ்டர், கூண்டின் தரையில் இன்னொரு ஃபின்ச் குருவி மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார். நேற்று மாலைவரை கம்பிக்குக் கம்பி துள்ளிக்கொண்டிருந்தது. காயமில்லை, இரத்தமில்லை. பக்கத்து மாடியில் யாரும் நிற்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, அதைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் நிமிர்ந்த முதுகு வளையாத மனிதர் அவர். அவர் வீட்டுக் குருவி என்றால் பறவை வளர்ப்பவர்களிடையே தனி மதிப்பு. பின்முற்றத்துக் கம்பிவலைக் கூண்டு அவர் மனைவி ஆசை ஆசையாகக் கட்டச் சொன்னது. மகளின் பிரசவத்துக்காகத் தூரத்து நகரத்துக்குப் போன அவளால், பேரனை விட்டு இன்னும் கிளம்ப முடியவில்லை. வெறிச்சென்றிருந்த வீட்டில் அவள் இருந்த நாட்களின் கலகலப்பு அந்தக் கூண்டில்தான் மிச்சமிருந்தது. அதுவும் ஒவ்வொன்றாய் உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று அடுத்த தெருவிலிருந்த சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார். சில நாட்களுக்கு முன்புதான் இவர் ஒரு ஜோடியைப் பெருமையோடு அவருக்குக் கொடுத்திருந்தார்.

"சம்பந்தி, நீங்க கொடுத்த பெட்டை இறகை உப்பிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கு. என் பழைய குருவிங்களும் ஒரு மாதிரி சோர்ந்து கிடக்கு. உங்க பக்கம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தலை குனிவதா?

"எங்க வீட்டுக் குருவிக்கு என்ன குறைச்சல்? நீங்க போடற தீனியைப் பாருங்க."

"அது சரி, உங்க வீட்டுல குருவிகூட விறைப்பாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு வைத்தார் சம்பந்தி.

சாயங்காலம் மனைவி தொலைபேசியில் பேசினாள். "கூண்டுக்கிட்ட போங்க, கொஞ்சம் கேட்டுக்கறேன்."

கூண்டில் எஞ்சியவை கீச்சிடுவதையே விட்டுவிட்டன. சில நாட்களாகச் செய்வதுபோல, அவள் விட்டுப்போன பழைய கைப்பேசியில் எப்போதோ பதிவு செய்திருந்த குருவிச் சத்தத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் பிடித்தார்.

மறுமுனையில் அவள் கூர்ந்து கேட்டாள். பிறகு, "என்னங்க, நடுவுல ஒருத்தி தும்முறாளே, அது நான்தானே?"

அவர் சட்டென்று பதிவை நிறுத்தினார்.

"குருவிங்க எங்கங்க?"

"பாதிக்கு மேல போயிடுச்சும்மா. ஏன்னே தெரியல. நீ வருத்தப்படுவியேன்னு..."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நம்ம வீட்டுல நோய்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகறது?"

"சம்பந்தி வீட்டுக்கு வேற கொடுத்தீங்களே!" அவள் குரல் உடைந்தது. "நீங்க தனியா இல்லைன்னு மனசைத் தேத்திக்கத்தான் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். செத்ததுங்களைப் பாட வெச்சு என்னை ஏமாத்திட்டீங்களே. அங்க இருக்கறதாவது பிழைக்கட்டும், போய்ச் சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும் கூண்டில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்.

"இத்தனை நாளும் புதைச்சுட்டு வந்திருக்கீங்க. நான் மண்ணைப் பார்த்தா நோயைச் சொல்றது?" என்று கடிந்துகொண்டே பரிசோதித்த மருத்துவர், கூண்டின் அமைப்பையும் கேட்டறிந்தார். திறந்த வலைக்கூரை வழியாக வெளிப்பறவைகளின் எச்சம் தீனித்தட்டில் விழுந்து பரவிய குடல்நோய் அது. மருந்து இருந்தது. "யாருக்காவது குருவி கொடுத்திருந்தா உடனே சொல்லிடுங்க."

சம்பந்தி வீட்டு வாசலில் நின்றபோது, உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"நோய் என் கூண்டுலேருந்துதான் வந்திருக்கு. நீங்க கேட்டப்பவே அங்க ஒண்ணொண்ணா செத்துக்கிட்டிருந்தது. பொய் சொன்னேன்."

சம்பந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெட்டை ராத்திரியே போயிடுச்சு. நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமே."

"ஆமா" என்றார் போஸ்ட்மாஸ்டர். பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தார். "கூண்டுல நோய் வந்தா குடும்ப மானம் போயிடாது, சம்பந்தி. அதை மூடி மறைச்சு உங்க வீட்டுக்கும் அனுப்பினேன் பாருங்க, அதுலதான் போச்சு. இந்தாங்க மருந்து. மிச்சத்தையாவது காப்பாத்துவோம்."