அக்காவுக்கு ஒரு தாள், தங்கைக்கு ஒரு தாள்

அக்காவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த பத்து நிமிஷத்துக்குள் மூன்று முறை எழுந்து ஜன்னல் வரை போய் வந்துவிட்டாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான். ஆனாலும் நடந்தாள்.

"கொஞ்சம் உட்காரேன். பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்றாள் தங்கை.

அக்கா ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேசையில் நாற்பது அடுக்குத் துணியை விரித்து, மின்சாரக் கத்தியால் கோடு பிசகாமல் வெட்டுகிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கண் மங்கியது, இடது கை மரத்தது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போகிற நோய். வீட்டில் அவளும், பள்ளி வேன் ஓட்டும் தங்கையும் மட்டும்தான்.

புது மருந்து தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அது மூளையில் என்ன செய்தது என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். வாழ்க்கையில் என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் கேள்வித்தாள். நோயாளிக்கு ஒன்று, கூட இருப்பவருக்கு ஒன்று. இரண்டு பேரையும் நர்ஸ் தனித்தனி அறையில் உட்கார வைத்தாள்.

அக்கா ஐந்தே நிமிஷத்தில் முடித்தாள். கடந்த நான்கு வாரத்தில் கையால் வேலை செய்வதில் சிரமம் இருந்ததா? இல்லவே இல்லை. சிறுநீரை அடக்க முடியாமல் போனதா? இல்லவே இல்லை. களைப்பு? கொஞ்சம், எப்போதாவது. தாள் கம்பெனிக்குப் போகாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். யார் கண்டது? காகிதத்துக்கும் கால் முளைக்கும்.

தங்கை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கூட்டிப் பார்த்த நர்ஸ் நெற்றியைச் சுருக்கினாள். "நீங்க உங்களுக்கு நூத்துக்கு எண்பத்தொண்ணு போட்டிருக்கீங்க. தங்கச்சி முப்பத்தெட்டு. கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். இது மலைக்கும் மடுவுக்கும் இருக்கே."

"அவகிட்ட காட்டுங்க. நான் பொய் எழுதல" என்றாள் தங்கை.

அக்கா தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கைச் சிரமம்: எப்போதும். சிறுநீர்: அடிக்கடி. அவளுக்கு முகம் சுட்டது.

"வீட்டு விஷயத்தை இப்படியா கடை பரப்புவ?"

"போன மாசம் உன் சட்டைக் கையில ரத்தத்தைப் பாத்தேன். ஊசி குத்துச்சுன்னு சொன்ன. ஊசி குத்தினா விரல் இவ்வளவு நீளத்துக்கா கிழியும்?"

அக்கா இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கத்தி ஓடும்போது இடது கையில் இரும்புக் கையுறை போட வேண்டும். போட்டால் துணி நழுவுவது கைக்குத் தெரியவில்லை என்று கழற்றி வைத்திருந்தாள். கழற்றியும் தெரியவில்லை. விரல் வெட்டுப்பட்டதையே துணி சிவந்த பிறகுதான் பார்த்தாள்.

"தினமும் வேன்ல உக்காந்து, கம்பெனியில இருந்து போன் வந்துடுமோன்னு பதறிக்கிட்டிருக்கேன்" என்றாள் தங்கை. குரல் உடைந்தது.

அக்கா தாளைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. 'சந்தோஷமாக இருந்தாரா?' தங்கை 'ஒருபோதும் இல்லை' என்பதில் டிக் போட்டிருந்தாள்.

"ஏய், இது தப்பு."

"எது?"

"நான் சந்தோஷமா இல்லைன்னு யார் சொன்னா? அயர்ன் பண்றவன் தினமும் டீ நேரத்துல முதலாளி போன் பேசுற மாதிரியே பேசிக் காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்போம்."

"வீட்ல நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லையே."

"வீட்டுக்கு வரும்போது பேட்டரி காலியாயிடுதுடி."

தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் சோபாவில் சுருண்டு கிடக்கும் அக்காதான். அதை வைத்து முழு நாளையும் எடை போட்டிருந்தாள்.

நர்ஸ் அக்காவுக்குப் புதுத் தாள் ஒன்று கொடுத்தாள். இந்த முறை அக்கா பேனாவைக் கடித்தபடி நாற்பது நிமிஷம் உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வந்தது.

"ஃபெயிலா?"

"இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லைங்க. எங்க உதவி வேணும்னு எங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

சிறுநீருக்கு அன்றைக்கே மாத்திரை எழுதினார்கள். கைக்குப் பயிற்சி. கத்தி வேலை கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மறுநாள் முதலாளியிடம் அக்காவே இதைச் சொன்னாள். "பாக்கலாம்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் தீயில் நிற்பதுபோல நின்றாள். நான்காம் நாள், அளவு வரைந்து கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை.

அவள் கத்தி, அவளிடம் தொழில் படித்த பெண்ணின் கைக்குப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் அக்காவுக்கு வரைகிற கோடு நிற்கும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் ஒரு நாள் சத்தம் திக்கித் திக்கி வந்தது. பொறுக்க முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கத்தியைத் தள்ளாதடி! அது போற வேகத்துக்கு நீ போ!"

அந்தப் பெண் கத்தியை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். அக்கா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், கோடு எங்கே பிசகியது என்று குனிந்து பார்த்தாள்.