நல்ல வளர்த்தி

அருங்காட்சியகத்து ஓவியத்துக்கு விளக்கம் சொல்வது இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. போன வாரம் எதிர்வீட்டு ஜெயசீலன் போனார். இன்னும் திரும்பவில்லை. அவர் மனைவி இரண்டு முறை உறைமோர் வாங்க வந்தார்.

நான் தையல்காரன். ஓவியத்தைப் பற்றி எனக்கு என்ன எழவு தெரியும்? ஆனாலும் முறை என்றால் முறை. நான்கு வயது மகள் நித்திலாவுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துப் பள்ளியில் விட்டேன். பொட்டு வைப்பது என் வேலை. என் மனைவி சுகந்தி மறந்துவிடுவாள்.

"நாலு மணிக்கு வந்துருவியாப்பா?"

"வந்துருவேன்டா."

ஓவியத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. தலை கீழ்த்தளத்துக் கூரையைத் தாண்டிப் போயிருந்தது. முகத்தைப் பார்க்க மேல்மாடிக்கு ஏற வேண்டும். சுற்றிலும் அதன் முழங்கால் உயரத்துக்குப் பணியாட்கள். ஒருவர் குடை பிடித்தார். நான்கு பேர் சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டினார்கள். மூக்கைத் துடைக்க ஏணியோடு நின்றவர் ஜெயசீலன். நான் தலையசைத்தேன். அவர் வேலையாக இருந்தார்.

மேல்மாடியில், குழந்தையின் முகத்துக்கு நேர் எதிரே, விளக்கங்களை எழுதிக்கொள்ளும் செங்கமலம் மேடம் மேஜை போட்டிருந்தார்.

"என்ன தோணுதோ சொல்லுங்க. சொன்னத மாத்த முடியாது."

குழந்தையைப் பார்த்தால் எனக்குத் துணிதான் தோன்றும்.

"சட்டைக்கே நாப்பது மீட்டர் புடிக்கும். நல்ல வளர்த்தி."

மேடம் பேனாவை மூடினார். கீழே கிலுகிலுப்பை நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பிள்ளையையும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லக் கூடாது. நித்திலாவை யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

குழந்தை தும்மியது. பிறகு காய்ச்சல் அடித்தது. ஓவியத்தின் சட்டத்தில் கை வைக்க முடியவில்லை.

"கண்ணு வச்சிட்டீங்களே," என்றார் மேடம்.

"தெரியாமச் சொல்லிட்டேன் மேடம். மொளகா சுத்திப் போட்டுரலாம்."

"இவ்ளோ பெரிய புள்ளைக்கு மொளகாய்க்கு எங்க போறது? கன்னத்துல பொட்டுதான் வைக்கணும். நீங்க என்ன உயரம்?"

"அஞ்சே முக்கால் அடி."

"சரியா இருக்கும்."

என் உடம்பெல்லாம் மை பூசினார்கள். ஜெயசீலன் ஏணியோடு மேலே வந்தார்.

"நாலு மணிக்குப் புள்ளையக் கூப்பிடணும்ணே," என்றேன்.

"எனக்கு அன்னைக்கு சிலிண்டர் வரவேண்டியிருந்துச்சு," என்றார். "இடது கன்னம். பாத்து ஏறுங்க."

நான் ஏறிக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதும் காய்ச்சல் இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அழக் கூடாது, மை கரையும் என்றார்கள். மணி நான்கு அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி நித்திலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, கன்னத்துல கறுப்பா என்னது?"

"திருஷ்டிப் பொட்டு. கண்ணு படாம இருக்க."

"யாரு வச்சா?"

"அவங்கப்பா வச்சிருப்பாரு."

நித்திலா அண்ணாந்து என்னையே பார்த்தாள். அவள் கன்னம் வெறுமையாக இருந்தது. அப்போது படியேறி வந்த ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, புள்ள நல்ல வளர்த்தி!"

நான் கத்தினேன். பொட்டு கத்தினால் யாருக்குக் கேட்கும்?

நித்திலா தும்மினாள்.