குடிப்பழக்கம்: உண்டு

அந்த ஒரு வரியை அடிக்க வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியேறினாள். சட்டைக் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியாகிவிட்டது. பதினோரு வருஷமாக அங்கே செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையில் காலருக்கு அடியில் ஒளிந்திருக்கும் நூல் பிசிறைக்கூடப் பிடித்துத் தூக்கிப் போடுகிறவள், புருஷனின் ஃபைலில் பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருக்கும் பொய்யை விட்டுவிடுவாளா? புருஷன் நாலு படி பின்னால் வந்துகொண்டிருந்தான். "விடேன், வேற வழி பாத்துக்கலாம்" என்று வழியெல்லாம் அனத்திக்கொண்டே வந்தான். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். பிள்ளைகள் ஹாரன் மாமா என்று கூப்பிடும். ஹாரனே அடிக்காமல் ஓட்டுகிறவனுக்கு அப்படிப் பட்டப்பெயர் வைக்கப் பிள்ளைகளால்தான் முடியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பஸ் ஷெட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடிந்து விழுந்தான். இதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். கணையத்தில் அழற்சி என்றார்கள். ஐந்து நாள் டிரிப்ஸ், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அந்த வரி இருந்தது. குடிப்பழக்கம்: உண்டு.

அடப்பாவிகளா! பீர் பாட்டில் மூடியைக்கூடத் தொடாத மனுஷன்!

சொன்னால் யார் நம்பினார்கள்? வயிற்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஃபைலைப் பார்த்துவிட்டு, "என்ன, நிறுத்தியாச்சா?" என்பார். "ஆரம்பிக்கவே இல்லையே சார்" என்பான் இவன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதுவார். பள்ளிக்கூட ஆபீஸில் லீவுக்காக அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மறுநாளே பஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கையில் குழாயைக் கொடுத்தார்கள். மூன்று வருஷமாகத் தான் ஓட்டிய பஸ்ஸைத் தானே கழுவிக்கொண்டிருக்கிறான். அவளுடைய அண்ணன் வேறு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எந்தக் கடைன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க மாப்ள, நானும் வர்றேன்" என்று கண்ணடிப்பான். இவன் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

அவள் மட்டும் யோக்கியமா? மறைப்பானேன், அவளும் சந்தேகப்பட்டாள். அவன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் மோந்து பார்த்தாள். பையைத் துழாவினாள். டாக்டரே எழுதிவிட்டாரே, படித்தவர் பொய்யா எழுதுவார் என்று நினைத்தாள். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிந்தது. கட்டின புருஷனையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே பாவிகள்!

வலி மட்டும் விட்டபாடில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அட்டாக். கடைசியில் கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி, "செருப்புக் கடைக்கு மேல ஒரு ஊசியம்மா இருக்காங்க. சீன வைத்தியம். எங்க மாமியாருக்கு முதுகுவலி குறைஞ்சுது, வேணும்னா போய்ப் பாரு" என்றாள். போனார்கள். சின்ன அறைதான். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரை அடைத்துக்கொண்டு மூலிகை வைக்கிற சின்னச் சின்ன இழுப்பறைகள். ஊசியம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சிரிப்பு என்பதைக் கடன் கேட்டாலும் தர மாட்டாள் போலிருந்தது.

"நாக்கை நீட்டுங்க" என்றாள். பார்த்துவிட்டு, "வழிச்சீங்களா?" என்றாள்.

"டாக்டர்கிட்ட வர்றோமேன்னு நல்லா வழிச்சுட்டுத்தான் வரச் சொன்னேன். ரெண்டு தடவை" என்றாள் இவள் பெருமையாக.

"நாக்குல என்ன படிஞ்சிருக்குன்னு பாக்கிறதுதாம்மா எங்க வேலை. அதைக் கழுவித் துடைச்சுட்டு வந்தா நான் எதைப் பாக்க? உங்க சுத்தத்தையா?"

இவளுக்குப் பொசுக்கென்று போய்விட்டது. இவன் வலி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

ஊசியம்மா இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். தூக்கம் எப்படி, வியர்வை எப்படி, தாகம் எப்படி, வெளிக்கு எப்படிப் போகிறது. ஒரு மணி நேரம் கேள்வி. போலீஸ்காரன்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டான். "இவ்வளவு கேட்டாத்தான் எங்க வைத்தியத்துல ஊசி எங்க போடறதுன்னே தெரியும்" என்றாள். கணையத்துக்கென்று எங்கள் பழைய புத்தகங்களில் தனிக் கணக்கு கிடையாது, மண்ணீரலோடு சேர்த்துத்தான் பார்ப்போம் என்றும் சொன்னாள். முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டுக்கு உள்பக்கமும் முடி கனத்தில் ஊசிகளைச் செருகினாள். "வலி கொஞ்சம் குறையலாம். நோய் போகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில குடுத்த செரிமான கேப்சூலை நிறுத்தினீங்கன்னா இந்தப் படியேறாதீங்க. மூலிகையும் தர மாட்டேன், உங்க மாத்திரையோட எது சேரும் எது சேராதுன்னு எனக்குத் தெரியாது."

வலி உண்மையிலேயே கொஞ்சம் குறைந்தது. நாலாவது தடவை போனபோது ஊசியம்மா தன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிறுநீரகத்துல கல்லு ரெண்டு தடவைன்னு சொன்னீங்க. எலும்பெல்லாம் குடைச்சல். எந்நேரமும் தாகம். மலச்சிக்கல். போன வருஷம் பஸ் கதவுல லேசா இடிச்சதுக்கே கை எலும்பு விட்டுப் போச்சு. குடிக்கவும் மாட்டேங்கறீங்க. ரத்தத்துல கால்சியம் பாத்தாங்களா?"

"தெரியலையே."

"இது என் ஊசியில அடங்கற சமாச்சாரம் இல்ல. போய்ப் பாக்கச் சொல்லுங்க."

வயிற்று டாக்டர் வெளியூர் போயிருந்தார். தெருமுனை டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கி ரத்தம் கொடுத்தார்கள். கால்சியம் எங்கேயோ ஏறி நின்றது. கழுத்துக்குள் அரிசி அளவுக்கு நாலு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒன்று கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிக் கால்சியத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதுதான் கல், அதுதான் எலும்பு, அதுதான் கணையம். வேறொரு ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். கெட்டுப்போன கணையம் கெட்டதுதான், கேப்சூல் தொடர்ந்து போட வேண்டும். ஆனால் ஆறு மாதமாக அட்டாக் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை! அதைச் செய்ய இரண்டு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை. குடிகாரன் என்று எழுதியாகிவிட்டதே, அப்புறம் என்ன பரிசோதனை வேண்டிக்கிடக்கிறது?

பள்ளிக்கூட ஆபீஸில் கழுத்து ஆபரேஷன் தாளைக் காட்டினார்கள். "அதெல்லாம் சரி. பழைய தாள்ல குடிப்பழக்கம்னு இருக்கே. அது தப்புன்னு அதே ஆஸ்பத்திரி எழுதித் தந்தா சாவி தர்றோம். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள கொண்டு வாங்க" என்றார்கள். திறக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அதற்குத்தான் அன்றைக்கு இந்தப் படியேற்றம்.

வயிற்று டாக்டர் தாள்களைப் புரட்டினார். "ம்ம். கால்சியம்தான் காரணம். ஒத்துக்கறேன். நல்லவேளை, கண்டுபிடிச்சுட்டாங்க."

"நீங்க கண்டுபிடிக்கலையே சார்" என்றாள் அவள்.

டாக்டர் முகம் சுருங்கியது. "இனிமே எழுதறதுல கால்சியம்னே எழுதிடறேன். போதுமா?"

"பழசைத் தப்புன்னு எழுதணும்."

"அதெப்படிம்மா முடியும்? யார் எழுதினாங்க, எதை வச்சு எழுதினாங்கன்னு தெரியாம தப்புன்னு எழுத முடியாது."

"அப்ப அதைப் பாருங்க! அட்மிஷன் ஃபைலைக் கொண்டு வரச் சொல்லுங்க. எந்த மகராசன் எழுதினான்னு நானும் பாக்கறேன்."

"விடு" என்றான் புருஷன். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வா, போலாம். பஸ் கழுவறதும் வேலைதானே."

"நீங்க சும்மா இருங்க! இப்படி வாயை மூடிட்டு நின்னுதான் மூணு வருஷம் போச்சு. சார், நீங்க எழுதின ஒரு வரியால நான் இந்த மனுஷனோட சட்டையை மோந்து பாத்தேன். தெரியுமா உங்களுக்கு? வாசல்ல நின்னு வாய் நாத்தம் பாத்தேன். இவரு பஸ்ஸை எடுத்தா பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னு ஊரே பேசிச்சு. எவன் எழுதினானோ அவன் நல்லா இருப்பானா?"

வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். இவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ரெக்கார்டு ரூமுக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் தூசி தட்டின மஞ்சள் ஃபைல் ஒன்று மேஜைக்கு வந்தது. டாக்டர் முதல் தாளைத் திருப்பினார். படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை, அவள் புருஷனைப் பார்த்தார்.

"இது வேணாம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வேற மாதிரி ஏதாவது எழுதித் தர்றேன்."

"பாத்தீங்களா, மழுப்பறீங்க!" அவள் ஃபைலைப் பறித்துக்கொண்டாள்.

சின்ன டாக்டர் ஒருவரின் அவசரக் கையெழுத்து. குடிப்பழக்கம்: உண்டு. அதற்குக் கீழே, தகவல் தந்தவர்: மனைவி. அதற்கும் கீழே, சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தது. "குடிக்காத ஆம்பளை எங்க இருக்கான்? எனக்குத் தெரியாம எங்கயோ குடிக்கிறாரு."

அடியில் அவளுடைய கையெழுத்து. கொஞ்சம் சாய்ந்த, அவளுடைய கையெழுத்தேதான்.

அந்த மத்தியானம் முழுக்கத் திரும்பி வந்தது. கம்பெனியிலிருந்து, கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரிக்கோலைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். முந்தின நாள் அவன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததற்குப் பெரிய சண்டை. பஸ் பஞ்சர் என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவன் துடித்துக்கொண்டிருக்க, அந்தச் சின்ன டாக்டர் கேள்வி மேல் கேள்வியாய்க் கேட்டான். வயசு? சுகர் உண்டா? குடிப்பாரா? பயத்தில் இருந்தவளுக்கு எரிச்சல் முந்திக்கொண்டது. வாயில் வந்ததைச் சொன்னாள். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிஷமே மறந்தும் போனாள். அப்புறம் தான் சொன்னதையே டாக்டர் சொன்னதாக நம்பி மூன்று வருஷம் அவனை மோந்து பார்த்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் புருஷனிடம்.

"பக்கத்துலதானே படுத்திருந்தேன். காது கேட்டுச்சு."

"ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? என்கூட இருக்கற நீயே அப்படி நினைக்கறப்ப, நேத்து வந்த டாக்டர்கிட்ட நான் என்னத்தைச் சண்டை போடறது?" அவன் தரையைப் பார்த்தான். "இன்னிக்கு எனக்காக நீ கத்தினியே, அது போதும்னு இருந்துச்சு. அதான் போலாம்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் டாக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். "அதுல எழுதக் கூடாதும்மா" என்று டாக்டர் பதறி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். சரி என்று அதில் எழுதினாள். என் கணவர் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கோபத்தில் சொன்னேன். நான் சொன்னது பொய். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"என் தப்பு முடிஞ்சுது. இப்ப உங்களுது" என்றாள்.

"அதான் மனைவியே சொல்லியிருக்கீங்களேம்மா, அப்புறம் நாங்க..."

"நான் ஒரு தடவை சொன்னேன் சார். கோவத்துல, ஒரே ஒரு தடவை. இந்த மனுஷன் இல்ல இல்லன்னு உங்க முகத்தைப் பாத்து எத்தனை தடவை சொன்னாரு? அது உங்க ஃபைல்ல எங்க இருக்கு? காட்டுங்க."

டாக்டர் தான் வழக்கமாகப் பார்க்கிற ஃபைலை எடுத்துப் புரட்டினார். பதினான்கு தடவை வந்து போனதற்குப் பதினான்கு தாள். ஒவ்வொன்றிலும் பழைய வரியைப் பார்த்து எழுதின அதே வரி. கடைசித் தாள் வரை புரட்டிவிட்டு, ஃபைலை அப்படியே திறந்தபடி வைத்தார்.

"கேளுங்க" என்றாள் அவள். "இப்ப அவரைக் கேளுங்க. கேட்டு, அவர் என்ன சொல்றாரோ அதை எழுதுங்க."

டாக்டர் ஒரு புதுத் தாளை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஃபைலைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க குடிப்பீங்களா?"

அவன் டாக்டரைப் பார்க்காமல், அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"இல்ல."

டாக்டர் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.