ஜாயின் பண்ணச் சொன்னார்கள்

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கும் தையல்காரம்மாவுக்கு மருமகளிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது. மருமகள் வேறு மொழிக்காரி. மாமியாரும் மருமகளும் அரைத் தமிழும் அரை இங்கிலீஷுமாகத்தான் காலம் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் எங்களோடு ஜாயின் பண்ணுங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

தையல்காரம்மாவுக்குத் தெரிந்த ஜாயின், வேலையில் ஜாயின் பண்ணுவதும் பள்ளிக்கூடத்தில் ஜாயின் பண்ணுவதும்தான். போய்ச் சேர்ந்தால் அங்கேயே இருக்க வேண்டியது. கணவர் போனபின் தனிக்கட்டையாகக் கிடந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானா வாயைத் திறக்கலை. அவளே கூப்பிட்டுட்டா," என்று பக்கத்து மெஷின்காரியிடம் பூரித்துப் போனாள். வேலையை விடுவதைத் திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

ஞாயிறு மதியம் பெரிய பெட்டியும் அதன்மேல் கட்டிய தலையணையுமாகப் போய் இறங்கினாள். கதவைத் திறந்த மகன் விழித்தான்.

"என்னம்மா, வெளியூர் கிளம்பிட்டியா?"

உள்ளே மேசை நிறையத் தட்டுகள். சோபாவில் மருமகளின் அலுவலகத் தோழிகள். ஒருவேளைச் சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உடம்பே கூசிப்போயிற்று.

"ஆமாப்பா, சிநேகிதி வீட்டுக்கு," என்று சமாளித்தாள். பெட்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

விருந்தாளிகள் போனதும் மருமகள் பெட்டியருகே வந்து நின்றாள்.

"அம்மா, ஃபிரெண்ட் வீட்டுக்குத் தலையணை எதுக்கு?"

இதற்கு மேல் மழுப்ப மனம் வரவில்லை. "ஜாயின்னு எழுதியிருந்தியேம்மா. இங்கயே வந்து இருக்கச் சொல்றேன்னு நினைச்சுட்டேன்."

மருமகள் சிரிக்கவில்லை. "இருக்கறது ஒரே ரூம்தானேம்மா..." என்று இழுத்த மகனைக் கையமர்த்தினாள்.

"நான் அப்படி நினைச்சு எழுதலை. ஆனா தனியா இருக்கறது கஷ்டம்னு நீங்க சொன்னதே இல்லையே?"

வாஸ்தவம்தான். போனில் கேட்கும்போதெல்லாம், எனக்கென்ன குறைச்சல் என்று மார்தட்டியவள் அவள்தானே! இப்போது கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பாரம் இறங்கியபின்தான் வேலையை விடவும் தனக்கு மனமில்லை என்பது பிடிபட்டது.

"சனிக்கிழமை வந்து ஞாயிறு இருந்துட்டுப் போகட்டுமா?"

"வாராவாரமா?" என்று கேட்டாள் மருமகள்.

"வாராவாரம்தான். தோதுப்படலைன்னா நேராச் சொல்லிடு. ஆனா இங்கிலீஷ்ல வேண்டாம்."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். மருமகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "சரிம்மா, வாங்க," என்றாள்.

மறுநாள் காலையில் மகன்தான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை.