அவளுடைய மடிக்கணினி

எழுந்தான், பல் துலக்கினான், காபியை நின்றபடியே குடித்தான். இறந்த மனைவியின் மடிக்கணினியைத் திறந்தான். கடைசியாக அவனுக்கென்று பேசி, அவள் அனுப்பாமல் விட்ட குரல்பதிவு அவள் கணக்கில் இருந்தது. கடவுச்சொல் தெரியாது, இந்தக் கணினியில் மட்டும்தான் கணக்கு திறக்கும். ஆனால் நெட் கிடைத்த மறுநொடி கணினி படுத்துவிடும்.

"புதுசு வாங்குங்க மாமா. இது உங்க உயிர வாங்குது," என்றான் அவள் தம்பி.

"வாய மூடிட்டு வயரப் பிடி மச்சான்."

இருப்புக் கொள்ளாமல் அறையைச் சுற்றி நடந்தான். திரும்பி வந்து, நெட் அட்டையை இயக்கும் 'டிரைவர்' நிரலைத் துழாவினான். நெட் கிடைத்ததும் அந்த அட்டையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கும்போது, நிறுத்துவதற்கு முன்பே அதன் நினைவகத்தை டிரைவர் பறித்துவிடுகிறது. அட்டையோ இல்லாத இடத்தில் எழுதப் போகிறது. இரண்டு வரிகளை இடம் மாற்றினான்.

நெட் வந்தது. கணினி படுக்கவில்லை. பதிவை அழுத்தினான்.

"டேய், மாடில துணி காயுது. மழை வந்தா எடு. வராட்டியும் எடு, உன்ன நம்ப முடியாது."