புதன்கிழமைக் கைகள்

புதன்கிழமை பத்தரை மணி ஆகிவிட்டால் சபியா குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டுவிட்டு அடுப்பைச் சின்னதாக்குவாள். குழாய் சொட்டினால் இறுக்குவாள். கருத்தம்மாள் வெங்காயம் அரிகிற சத்தம்கூட அவளுக்கு ஆகாது.

"ஏண்டி, அரியிறதும் குத்தமா?"

"செத்த நேரந்தான்க்கா. சும்மா இருங்க."

"நானும் அஞ்சாப்பு படிக்கிறேன்னு டீச்சர்ட்ட சொல்லிரு. சீருடை வந்தா எனக்கும் ஒரு செட்டு வாங்கிக் குடு. சுத்தளவு மட்டும் கூட வேணும்."

கருத்தம்மாள் சத்துணவுச் சமையலர். சபியா அவளுக்கு உதவியாள். சமையல்கட்டுக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரே சுவர். அதில் காற்றுக்காக வைத்த சிமெண்டு ஓட்டை ஜன்னல். அந்த ஓட்டைகளில் கண்ணை வைத்தால் வகுப்பு முழுக்கத் தெரியும். சபியாவின் மகள் அம்ரீன் மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

இராமலட்சுமி டீச்சருக்குக் கடலாடிப் பக்கம். புஞ்சைக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். புத்தகத்தைத் திறந்து வாசித்துவிட்டுப் போகிற ரகம் அல்ல. வாரத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். திங்களன்று வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். செவ்வாயன்று வகுப்புக்குள்ளேயே கடை போட்டுக் கணக்கு. வியாழன் கதை, வெள்ளி நடிப்பு. புதனன்று காது வேலை. பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். பிறகு கேட்ட சத்தங்களைச் சொல்ல, டீச்சர் பலகையில் எழுதுவாள். காகம், ஆடு, ஐஸ் லாரி, பள்ளிவாசல் மைக்கில் யாரோ இருமியது.

"டீச்சர், முஸ்அப் வயிறு கத்துது டீச்சர்."

"அதையும் எழுதிக்குவோம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று டீச்சர் ஒரு சட்டம் போட்டாள். முதலில் கண்ணைத் திறக்காமல், சத்தம் வருகிற திசைக்குக் கையை நீட்ட வேண்டும். அப்புறம்தான் பேச்சு. அன்றைக்குத்தான் அம்ரீன் வடகிழக்கே, கடல் பக்கம், கையை நீட்டினாள்.

"என்ன கேட்டுச்சு அம்ரீன்?"

"எங்க அத்தா வல்லம் டீச்சர். வந்துக்கிட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அத்தா, சபியாவின் புருஷன் சீனி முகம்மது, போன வருஷம் மழைக்கு முந்தித் தன் நாட்டுப்படகான வல்லத்தில் கடலுக்குப் போனவன். கூடப் போகிற பங்காளிக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போனான். வல்லமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஊர் வல்லங்கள் எல்லாம் போய்த் தேடின. திருப்பாலைக்குடிக்காரர்களும் வந்து தேடினார்கள். ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அக்கரையில், இலங்கையில், பிடிபட்டிருப்பான் என்று சிலர் சொன்னார்கள். பிடிபட்டவர்கள் திரும்பினார்கள், அவர்களில் அவன் இல்லை.

சபியா பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஆள் விட்டுக் கேட்டாள், புருஷன் போனால் வீட்டோடு இருக்கிற இத்தா இருக்கவா வேண்டாமா என்று. "மவுத்தானதுக்குத் தாக்கல் இல்லாம இத்தா இருன்னு சொல்ல எனக்கு ஏலாதும்மா. பொறுத்திரு" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவள் பொண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. கழுத்தில் கல்யாணத்துக்குக் கட்டிய கருகமணி கிடந்தது. கல்யாண வீட்டில் அவளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று தெரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் இருக்கிறானா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. எந்தப் பதிலாக இருந்தாலும் சரி.

அடுத்த புதனும் அம்ரீன் கையை நீட்டினாள். அதற்கடுத்த புதனும்.

டீச்சர் சமையல்கட்டுக்கே வந்துவிட்டாள். "சபியா, இந்தப் புள்ள வாராவாரம் இதையே சொல்லுது. மனசு கெட்டுப்போகப் போகுது. நான் இந்த வேலைய நிப்பாட்டிறவா?"

"வேணாம் டீச்சர்."

"ஏன்?"

சபியா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள். "கடக்கரைப் புள்ளைக்கு அத்தா என்ஜின் தெரியும் டீச்சர். நூறு வல்லம் வந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு ஓடும். வேற பேசி ஏமாத்தலாம், என்ஜின்ல ஏமாத்த முடியாது."

அது வீம்புக்குச் சொன்னது அல்ல. சீனி முகம்மதுவின் என்ஜினுக்கு ஒரு நோய் இருந்தது. சைலன்சரில் விரிசல். புதுசு வாங்க வழியில்லாமல், வீட்டு எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தான். அதனால் தட்தட்தட்டென்று போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு மூச்சு நிற்கும். நின்று, செருமிவிட்டு, மறுபடி பிடிக்கும். ஊரே அதைக் கேலி பண்ணும். "ஏலே, உன் என்ஜினுக்கு ஆஸ்துமாலே. பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

ஆனால் புதன்கிழமை பெரிய விசைப்படகுகளின் நாள். வலை அறுபடும் என்று வல்லக்காரர்கள் அன்றைக்குக் கடலில் இறங்குவதில்லை. ஊரில் வலை பின்னிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ கிடப்பார்கள். பள்ளிக்கூடம் ஊரை விட்டுத் தள்ளி, அலையாத்திக்காட்டு ஓடையை ஒட்டி இருந்தது. அங்கே எந்த வல்லத்தின் சத்தமும் வர வழியில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இருந்தாலும் சபியா அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றாள். சில புதன்களில் அவளுக்குக் கேட்டது போலிருக்கும். சில புதன்களில் அது தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் என்று தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் மகளைக் கேட்பாள்.

"இன்னைக்கும் கேட்டுச்சா?"

"ம். பக்கத்துல வந்துருச்சும்மா."

"வந்துட்டு?"

"நின்னுருது."

அப்புறம் மற்றப் பிள்ளைகளும் நீட்ட ஆரம்பித்தார்கள். முதலில் அம்ரீனுக்குப் பக்கத்தில் இருக்கிறவள். பிறகு முஸ்அப். பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று சொல்லவும் முடியாது, கண்கள் மூடியிருந்தன. "டீச்சர், தட்தட்தட்... க்ஹும்... தட்தட்" என்று அந்த மூச்சு நிற்கிற இடத்தைக்கூடச் சரியாகச் சொன்னார்கள்.

அந்தப் புதன்கிழமை காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. டீச்சர் மணியைத் தட்டியதும் வகுப்பு அடங்கியது. சபியா ஜன்னல் ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

கைகள் எழுந்தன. ஒன்று, இரண்டு என்று இல்லை. வகுப்பு முழுவதும் வடகிழக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடிய கண்கள், நீட்டிய விரல்கள், ஒரு முணுமுணுப்பு இல்லை. டீச்சரின் சாக்பீஸ் பலகையில் வைத்த இடத்திலேயே நின்றுபோயிருந்தது.

சபியாவுக்கும் கேட்டது. காதுக்குள் அல்ல, வெளியே. ஓடைப் பக்கம். தட்தட்தட். ஒரு மூச்சு நின்றது. செருமியது. பிடித்தது.

"என்னடி இது?" என்று கருத்தம்மாள் அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். அவளுக்குக் கேட்டதா, சபியாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாளா, தெரியவில்லை.

அப்போதுதான் சபியா கவனித்தாள். ஒரே ஒரு கை எழவில்லை. கடைசி வரிசையில் லாமியா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தாள். கண்ணை மற்றவர்களைவிட இறுக்கமாக மூடியிருந்தாள். ஹமீது சுல்தானின் மகள். ஹமீது சுல்தான் ஓடைக்குள் தனியாக நண்டு வலை போடுகிறவன். வல்லத்தை ஊர்த்துறையில் கட்டாமல் அலையாத்திக்குள் கட்டுகிறவன்.

கேட்காதவள் கையை அப்படி ஒளித்து வைக்க மாட்டாள்.

"சோத்தப் பாத்துக்கங்கக்கா" என்றாள் சபியா. செருப்பைக்கூடத் தேடவில்லை.

ஓடைச் சேறு கணுக்கால் வரை வாங்கியது. ஹமீது சுல்தான் வல்லத்தின் விளிம்பில் உட்கார்ந்து நண்டு வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"என்ன சபியா, இங்கன?"

"என்ஜின எங்க ஓட்டிட்டு வாரீக?"

"எந்த என்ஜின்?"

அவள் வல்லத்தில் ஏறி, பின்பக்கம் மூடிக் கிடந்த சாக்கை இழுத்தாள். என்ஜினுக்கு நீலப் பெயின்ட் புதுசாக அடித்திருந்தது. சைலன்சரில் அடிக்கவில்லை. துருப்பிடித்த டின் தகட்டில் எண்ணெய்க் கம்பெனிக்காரன் போட்ட சூரியகாந்திப் பூ பாதி தெரிந்தது. அந்தத் தகட்டை அவன் வெட்டப் பிடித்துக் கொடுத்தபோதுதான் அவள் கட்டைவிரல் கிழிந்தது.

சுடும் என்று நினைத்துத்தான் கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ராத்திரிப் பனி இன்னும் காயவில்லை. சுற்றிவிடுகிற கைப்பிடிக்கும் டாங்கிக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு இழைகூட அறுபடவில்லை.

"இப்ப ஓட்டுனது யாரு?"

"நான் இத ஓட்டி மாசக்கணக்காச்சு. அல்லா மேல ஆணையா. முன்ன புதங்கெழம மட்டும் எடுப்பேன், வல்லக்காரன் எவனும் கடல்ல இருக்க மாட்டான்னு. கிளாசுல அம்ரீன் இப்பிடிச் சொல்லுதுன்னு லாமியா வந்து சொன்ன அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

சபியா வல்லத்தின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுங்க. எங்க எடுத்தீக?"

அவன் வலையைக் கீழே போட்டான். "தேடிப் போனோம்ல, அதுக்கு மறுநா. நான் ஒத்தையில போனேன். வல்லம் மெதந்துச்சு. ஆளில்ல."

"தூக்குச்சட்டி?"

"இருந்துச்சு."

"தின்னிருந்தாரா?"

"பாதி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கருவாட்டுக் குழம்பு. பாதி வயிற்றுக்காவது போயிருக்கிறது.

"வலை?"

ஹமீது சுல்தான் தண்ணீரைப் பார்த்தான். "தண்ணிக்குள்ள எறங்கி வெறப்பா நின்னுச்சு. வலைக் கல்லுக்கயிறு அவரு கால்ல சுத்தி இழுத்திருக்கும்னு நெனச்சேன்."

"வலைய இழுத்துப் பாத்தீகளா?"

ஓடையில் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது.

"ஹமீது அண்ணே. இழுத்தீகளா?"

"இழுக்கல. பயமாப் போச்சு. கனமா இருந்துச்சு சபியா. நான்தான் கொன்னேன்னு சொல்லிப்புடுவாக... என்ஜினக் கழட்டிக்கிட்டு, வல்லத்த ஓட்ட போட்டுட்டு, வலைய அறுத்து விட்டுட்டேன்."

கனமாக இருந்தது. அவள் தேடிக்கொண்டிருந்த சேதி, ஆலிம்சா கேட்ட தாக்கல், அதுதான். ஜனாஸா தொழுது அடக்க ஒரு உடம்பு அந்தக் கயிற்றின் முனையில் இருந்தது. அதை இவன் கத்தியால் அறுத்து அனுப்பியிருக்கிறான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னு எத்தனையோ தடவ ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ அவரு வருவாருன்னு இருந்த. அத ஏன் கெடுக்கணும்னு..."

"நான் வருவாருன்னு இருந்தேன். நீங்க அத வச்சு நண்டு புடிச்சீக."

அவள் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டாள். அழுகை வரவில்லை. சோறு குழைந்துவிடும் என்ற நினைப்பு வந்தது; அந்த நினைப்பு வந்ததற்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு பள்ளிவாசல்ல எல்லாரும் இருப்பாக. என்ஜினத் தோள்ல தூக்கிட்டு ஊருக்கு நடுவால வாங்க. சாக்கு மூடக் கூடாது."

"ஊரு என்னைய ஒதுக்கிரும்."

"ஒங்க மக கைக்கு மேல உக்காந்திருக்கா. எத்தன புதங்கெழமைக்கு உக்காருவா?"

சமையல்கட்டில் கருத்தம்மாள் தனியாளாகச் சோற்றை இறக்கி வைத்திருந்தாள். சபியாவின் சேற்றுக் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஏச வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். லாமியா தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் பெஞ்சுப் பலகையின் வரிகள் சிவப்பாகப் பதிந்திருந்தன. சபியா சோறு வைத்தாள். முட்டையை எடுத்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வைத்தாள்.

அம்ரீன் கடைசியாக வந்தாள். "ஒனக்கும் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

"நான் சொன்னேன்ல."

சபியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்கால் போட்டு மகளுக்கு நேராக உட்கார்ந்தாள். "என்ஜின் இங்கனதான் இருக்கு. பாத்துட்டு வந்தேன். அத்தா இல்ல. இனிமே வர மாட்டாக."

அம்ரீன் நெடுநேரம் தாயின் கழுத்துக் கருகமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். பாதி தின்றாள். மீதியை வைத்துவிட்டாள்.

ஹமீது சுல்தான் வந்தான். என்ஜினை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல் மூன்று இடத்தில் இறக்கி வைத்து வைத்து வந்தான். எவனும் கை கொடுக்கவில்லை. ஜமாஅத்தில் பேசினார்கள், ஏசினார்கள், ஒருவன் அடிக்கவும் போனான். கடைசியில் உடம்பு இல்லாமலே தொழுகை வைத்தார்கள். என்ஜினைச் சபியாவின் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். கருகமணியைக் கழற்றிவிட்டு அவள் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. அதுவரை அவள் வேலையையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாகக் கருத்தம்மாள் சொல்லியனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் அம்ரீன் பையை மூலையில் வைத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"டீச்சர் இனிமே காது வேல வேணாமான்னு கேட்டாக. நான்தான் வைங்கன்னு சொன்னேன்."

"கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்கல. யாருக்கும் கேக்கலம்மா. முஸ்அப்பு ஆடுன்னு சொன்னான்." தாயின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "லாமியா மட்டும் கை நீட்டுனா."

"எங்கிட்டு?"

"கடலுக்கு. டீச்சர் மணி அடிச்ச பொறகும் எறக்கல. அழுதுட்டா."

சபியா முற்றத்தைப் பார்த்தாள். என்ஜின் மேல் போட்ட சாக்கு போட்டபடியே கிடந்தது. டாங்கியில் ஒரு சொட்டு டீசல் இல்லை. அன்று காலை பத்தரை மணிக்கு, இந்த வீட்டுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, தன் கையும் அதே பக்கம்தான் நீண்டிருந்தது என்பதை அவள் மகளிடம் சொல்லவில்லை.